போத்து கரையேறும் வரை

சத்தம் போடக்கூடாது, அதுதான் முதல் காரியம், சத்தம் போட்டால் மிரளும், மிரண்டால் ஓடும், ஓடினால் இறைச்சி கறுத்துக் கட்டையாகிவிடும், பதினாறு மாசப் பாடு ஒரே ஓட்டத்தில் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏசுவடியாள் குளத்தங்கரையில் நின்றாள். குளத்துக்கு நடுவில், கழுத்துவரை தண்ணீரில், அவளுடைய போத்து கண்ணை மூடிக் கிடந்தது. எருமைக்கடாவை அந்தப் பக்கத்தில் போத்து என்றுதான் சொல்வார்கள். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமையான இன்றைக்கு, வெயில் ஏறுமுன் வெட்டி, இருபத்திரண்டு வீட்டுக்குப் பங்கு வைக்க அவள் வளர்த்த போத்து. தினமும் விடிந்ததும் குளத்தில் இறக்கி, வைக்கோலால் தேய்த்துக் குளிப்பாட்டிக் கூட்டிப்போவது வழக்கம், இன்றைக்கும் அந்த வழக்கம் மாறக்கூடாது, மாறினால் அதற்குத் தெரிந்துவிடும் என்றுதான் கொண்டுவந்தாள். தேய்த்து முடித்து அவள் கரையேறினாள். அது ஏறவில்லை. கயிற்றை உருவிக்கொண்டு நடுக்குளத்துச் சேற்றைப் பார்த்துப் போய்ப் படுத்துவிட்டது. ஆறரை இருக்கும். ஏழு மணிக்கு வெட்டுக்காரன் லாசர் கத்தியோடு வருவான். கோபம் வரவேண்டிய நேரம், ஆனால் அவளுக்குக் கோபம் வரவில்லை, அடிவயிற்றில் என்னவோ குறுகுறுத்தது, முதல் பிள்ளை முதல்தடவை புரண்டபோது இருந்ததே அதுபோல, சிரிக்கவா ஓடவா என்று தெரியாத ஒரு துள்ளல், கல்யாணத்தன்றுகூட அவளுக்கு இப்படி இருந்ததில்லை, அன்றைக்குப் பசிமயக்கம்தான் இருந்தது. இன்றைக்கு எனக்க போத்து, எனக்க நாள், என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், சொன்ன உடனே வெட்கமாக இருந்தது, சுற்றிலும் பார்த்தாள், ரப்பர் மரங்களைத் தவிர யாரும் இல்லை.

எத்தனை பேர் என்னவெல்லாம் சொன்னார்கள், பெண்ணுங்க வளத்தா போத்துக்கு நெஞ்சு பிடிக்காது என்று, கழனித்தண்ணி குடிச்சு வயிறுதான் வைக்கும் என்று, நெஞ்சு பிடிக்கவில்லையா இப்போது, தண்ணீருக்கு மேலே தெரிகிற அந்தப் பிடரியைப் பார்த்தாலே போதாதா, உரல் மாதிரி. பதினொரு வருஷம் தங்கையன்தான் இந்தச் சுற்றுவட்டத்துக்கு ஈஸ்டர் போத்து வளர்த்தவர், அவள் புருஷன், கன்றை ஒரு பார்வை பார்த்து இதில் சதை ஏறும் இதில் ஏறாது என்று சொல்லிவிடுவார், ஏறாது என்றது ஒன்றும் ஏறியதில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு மத்தியானம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தவர் அப்படியே இடப்பக்கம் சாய்ந்தார், கையும் காலும் வாயும் ஒரு பக்கமாகப் போயிற்று, கால் கொஞ்சம் திரும்பி வந்தது, கம்பு ஊன்றி முற்றம்வரை நடப்பார், பேச்சு திரும்பவில்லை, ஆங், வேண்டாம், தண்ணி, அவ்வளவுதான் மிச்சம். அந்த வருஷ ஈஸ்டருக்கு எல்லா வீட்டுக்காரர்களும் சந்தையில் போய் வரிசையில் நின்று இறைச்சி வாங்கினார்கள், ரப்பர் மாதிரி இருக்கு என்று வாங்கினவர்கள் எல்லாம் வந்து இவரிடம் சொன்னார்கள், இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது, தோன்றியதை யாரிடமும் சொல்லவில்லை, கிறிஸ்துமஸ் கழிந்த கையோடு போய் எட்டு மாசக் கன்று ஒன்றைப் பிடித்து வந்து முற்றத்தில் நிறுத்தி, இஞ்ச பாருங்க, இது ஏறுமா, என்று கேட்டாள். அவர் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஏறாது என்கிறாரா, நீ யார் வளர்க்க என்கிறாரா, ஒன்றும் புரியவில்லை, அந்த முதுகையே பார்த்துக்கொண்டு கன்றோடு நின்றாள், கன்று அவள் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது.

திரும்பாத அந்த முகத்தோடுதான் அவள் பதினாறு மாசமும் பேசினாள். அவரைக் குளிப்பாட்டும்போது சொல்வாள், பூச்சி மருந்து குடுத்தாச்சு, இன்னைக்குக் காயடிச்சாச்சு, ரெத்தம் கம்மிதான், கேட்டியளா. பலாச்சக்கை மடலை வெட்டிப் போட்டேன் ஆசையா தின்னுது. மரச்சீனி இலையை எட்டிப் பிடிச்சுது, பிடுங்கி எறிஞ்சிட்டேன், அது விஷம்னு நீங்கதான சொல்வியே. ஞாயிறுதோறும் சபையிலிருந்து வந்து சேலைகூட மாற்றாமல் ஒரு சணல் கயிற்றால் அதன் நெஞ்சைச் சுற்றி அளப்பாள், அளவுக்கு ஒரு முடிச்சுப் போடுவாள், அஞ்சு சாணில் ஆரம்பித்தது, ஆறு, ஆறரை, ஏழு, மழைக்காலத்தில் ஏழிலேயே நின்றுபோனது, ஐந்து ஞாயிறு ஒரே இடத்தில் முடிச்சு, ஐந்து முடிச்சும் ஒன்றன்மேல் ஒன்றாகப் புடைத்துக்கொண்டு நின்றது, அப்போது எவ்வளவு அழுதாள், பிறகு தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் கூட்டிப் போட ஆரம்பித்ததும் சட்டென்று ஏறியது பார், ஒரு மாசத்துக்கு நாலு விரக்கடை, அடுத்த மாசம் நாலு, போன ஞாயிறு எட்டரைச் சாண். எட்டரை! அந்தக் கயிற்றைக் கொண்டுபோய் அவர் கட்டிலில் நீட்டிப் போட்டுக் காட்டினாள். கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் மூடுமுன் பார்த்தார், பார்த்தார் என்று சத்தியம் செய்வாள், கண் கயிற்றின் நுனிவரை போய்விட்டுத்தான் மூடியது.

"ஏ பிள்ளே, இன்னும் கரையேறல்லியா அது?" என்று எதிர்க்கரையிலிருந்து குரல் வந்தது. ரெத்தினபாய், பக்கத்து வீட்டுக்காரி, பல் தேய்த்துக்கொண்டே வந்து நின்றாள். ஏசுவடியாள் பதறி உதட்டில் விரல் வைத்தாள்.

"அக்கா, பைய பேசு. வெரளும்."

"லாசரு சந்திப்புல சாயா குடிச்சிட்டு நிக்கான். இப்பம் வந்துருவான். கல்லெடுத்து எறி, ஓடி வரும்."

"வேண்டாம் அக்கா, வேண்டாம். ஓடப்பிடாது. அதுவா வரும்."

"அதுவா வரதுக்கு அதென்ன உனக்க மாப்பிள்ளையா?" என்று சிரித்துவிட்டு ரெத்தினபாய் வாய் கொப்புளித்தாள், பிறகு போகும்போது சாதாரணமாகக் கேட்டாள், "ஆமா, கயிறு ஆரு பிடிக்கா?"

கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கேள்வியைத்தான் ஏசுவடியாள் ஒரு வாரமாகச் சுற்றி வளைத்துப் போய்க்கொண்டிருந்தாள், வழியில் நாய் படுத்திருந்தால் வரப்பு மாறிப் போவதுபோல. வளர்த்தவர்தான் வெட்டும்போது தலைக்கயிறு பிடிக்கவேண்டும், அது லாசருடைய கண்டிப்பு, வளர்த்த கை பிடித்தால்தான் மிருகம் நிற்கும், வேறு கை என்றால் அதற்கு அந்தக் கணமே தெரியும். பதினொரு வருஷமும் தங்கையன் பிடித்தார், பிடித்துவிட்டு வந்து வெந்நீர் கேட்பார், எப்படி இருந்தது என்று ஒருதடவை கேட்டதற்கு, என்ன எப்பிடி, ஒண்ணுமில்ல, என்று தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். இவளுக்காகக் கொழுந்தன் மத்தியாஸ் பிடிக்கிறேன் என்று சொல்லியிருந்தான், மைனி உங்களுக்கு முடியாது, நான் பாத்துக்கிடுவேன். சரி என்றாள். சரி என்று சொன்ன நாளிலிருந்து அந்தச் சரி தொண்டையில் மீன்முள்ளாகக் கிடக்கிறது, அவளுக்கு முடியாதா, ஏன் முடியாது, கை நடுங்கும், நடுங்கினால் கயிறு வழியாக அதற்குப் போய்விடும், அதுதான் பயம், வேறென்ன பயம், அதன் கண்ணைப் பார்க்கவேண்டி வருமே அந்தப் பயமா, அதுதான் தினமும் பார்க்கிற கண்ணாயிற்றே, இமைமுடி எல்லாம் எண்ணுகிற அளவுக்கு. பெயர் வைக்கக்கூடாது என்று தங்கையன் ஒவ்வொரு போத்துக்கும் சொல்வார், அவள் வைக்கவில்லை, நீ என்றுதான் கூப்பிட்டாள், நீ வா, நீ நில்லு, ஆனால் பிள்ளைகள் வெளியூர் போனபிறகு நீ என்று கூப்பிட அந்த வீட்டில் அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்.

நீ செத்துப்போயிருப்ப தெரியுமா, மாசியிலேயே செத்துப்போயிருப்ப, என்று கரையில் குந்தி உட்கார்ந்து அதனிடம் மெல்லச் சொன்னாள். அன்றைக்கு மத்தியானம் அவித்த மரச்சீனியை ஆசைக்குக் கூடுதலாகப் போட்டுவிட்டாள், ஒரு மணிநேரத்தில் இடப்பக்க வயிறு மத்தளமாக உப்பி முதுகெலும்புக்கு மேலே ஏறி நின்றது, வாயில் நுரை, காலை மாற்றி மாற்றி வைத்தது, மாட்டு டாக்டர் எங்கோ வேறு ஊரில் இருந்தார். அவள் தொழுவத்துக்கும் வீட்டுக்கும் ஓடினாள். உள்ளே கட்டிலில் தங்கையன் எழுந்து உட்கார்ந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார், எண்ண, எண்ண, என்று, வாய் கோணி எச்சில் வழிய. எண்ணச் சொல்கிறார், என்னத்தை எண்ண, மூச்சையா, அவள் போய்ப் போத்தின் பக்கத்தில் நின்று அதன் மூச்சை எண்ணினாள், ஒன்று, இரண்டு, முப்பது, நாற்பது, எண்ணிக்கொண்டே அழுதாள், உள்ளேயிருந்து சத்தம் இன்னும் பெரிதாக வந்தது, எண்ண, எண்ண, கூடவே கட்டில் சட்டத்தில் டம் டம்மென்று கையடி, பிறகு சொம்பு ஒன்று பறந்து வந்து முற்றத்தில் விழுந்தது, விழுந்து உருண்டு, அவர் காலில் தேய்க்கிற தைலம் மண்ணில் வழிந்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது, எண்ணெய்! எண்ணெய் கொடுக்கச் சொல்கிறார்! மூங்கில் குழாயில் அரைப்படி நல்லெண்ணெயை ஊற்றி அதன் கடைவாயில் செருகித் தலையைத் தூக்கிப் பிடித்தாள், வயிற்றை உருவி உருவிவிட்டாள், கொஞ்ச நேரத்தில் ஒரு ஏப்பம் வந்தது பார், அடடா, அதுபோல ஒரு நாற்றமும் அதுபோல ஒரு சங்கீதமும் அவள் ஆயுசில் அறிந்ததில்லை. ஓடிப்போய், ஏவம் விட்டுது, கேட்டியளா, ஏவம் விட்டுது, என்றாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஆனால் முதுகு குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை, பார்த்திருக்கலாம், இன்றைக்குவரை அது ஒரு குறை.

வெயிலின் முதல் கீற்று ரப்பர் மரங்களுக்கு ஊடே வந்து தண்ணீரில் விழுந்தது. வெயில் ஏறினால் அது இன்னும் எழும்பாது, தண்ணீர் சுகம் கண்டுவிடும், பத்து மணிவரை கிடக்கும், அதற்குள் இருபத்திரண்டு வீட்டிலும் அடுப்பு மூட்டி, மல்லி வறுத்து, தேங்காய் கீறி வைத்துக் காத்திருப்பார்கள், பிறகு ஆளாளுக்குக் கம்பெடுத்து வருவார்கள், மத்தியாஸ் வருவான், கல் விழும், ஓடும், எல்லாம் போகும், அவளைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார்கள், நேற்றிலிருந்து பச்சைத்தண்ணீர் மட்டும் காட்டி, குரல் உயர்த்தாமல், வீட்டில் பாத்திரம்கூட உருட்டாமல் அதை அமைதியாக வைத்திருந்ததெல்லாம் என்னத்துக்கு, அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, அந்த அடி காதில் கேட்டது, டக் டக்கென்று, கூடவே வேறொரு சத்தம், அதே தாளத்தில் இல்லை, கொஞ்சம் நொண்டி, டக், இழுப்பு, டக், இழுப்பு. திரும்பினாள். சரிவில் தங்கையன் வந்துகொண்டிருந்தார்.

கம்பை ஊன்றி, இடதுகாலை இழுத்து, ரப்பர் மரங்களில் ஒவ்வொன்றாகத் தோளைச் சாய்த்து, முற்றத்துக்கு அப்பால் இரண்டு வருஷமாகக் கால் வைக்காத மனுஷன் முந்நூறு எட்டு வைத்து இறங்கி வந்திருந்தார், வேட்டி எல்லாம் செம்மண். அவள் ஓடிப்போய்த் தாங்கப் போனாள். வேண்டாம், என்று தலையை ஆட்டினார். கரைக்கு வந்தார். போத்தைப் பார்த்தார். இந்தத் தடவை முகம் திருப்பவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினார், பழைய போத்துகளை எல்லாம் கூப்பிடுகிற சத்தம், ஓ... ப்பா... என்று அடித்தொண்டையில் உருளும், அந்தச் சத்தத்துக்கு எந்தப் போத்தும் எங்கிருந்தாலும் வரும். வாய் கோணலில் அது பாதியாக உடைந்து வந்தது. போத்து ஒரு கண்ணைத் திறந்தது. பார்த்தது. மறுபடி மூடிக்கொண்டது. அவருக்கு அது தெரியாது, அவர் குரல் அதற்குத் தெரியாது, அந்தக் கோணல் முகத்தில் வந்த வெறுமையைப் பார்க்க ஏசுவடியாளால் முடியவில்லை, ஆனால் அதே கணத்தில் மனசுக்குள் எதுவோ குதித்தது, அது எனக்கதுதான், எனக்கு மட்டும்தான் வரும், சீ, என்ன மனசு இது, குதித்ததைக் குதிக்கவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தங்கையன் கம்பால் தண்ணீரைக் காட்டினார். "இ... றங்கு," என்றார். இரண்டு வருஷத்தில் அவள் கேட்காத வார்த்தை. கம்பைக் கக்கத்தில் இடுக்கி, உள்ளங்கையைக் கவிழ்த்துத் தாழ்த்திக் காட்டி, "பைய," என்றார்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு, சேறு காலை உறிஞ்சியது, நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. போத்தின் பக்கத்தில் போய்ப் பிடரியில் கை வைத்தாள். கயிற்றைத் தேடவில்லை. கை வைத்ததும் அதற்குள்ளே ஓடுகிற அடியும் கையில் கேட்டது, மெதுவாக, கோயில்மணி விட்டுவிட்டு அடிப்பதுபோல அவ்வளவு மெதுவாக. எனக்குத்தான் பதற்றம், வெப்ராளம், இதுக்கு ஒண்ணுமில்லை, இது எனக்க வெப்ராளத்தைப் பாத்துத்தான் வரமாட்டேங்குது, என்று அப்போது தெரிந்தது. அப்படியே நின்றாள். தண்ணீர் குளிர்ந்தது. ஒரு தவளை போயிற்று. அவளுடைய மூச்சும் இறங்கி இறங்கி வந்து ஒரு இடத்தில் நின்றது, நின்ற அந்த இடத்தில் போத்து பெருமூச்சு விட்டு, முன்னங்காலை ஊன்றி, தண்ணீர் எல்லாம் அதன் மேலிருந்து வழிந்து இறங்க, ஒரு கரும்பாறை மேலே வருவதுபோல எழுந்தது. முதுகு பலகைபோலப் பரந்து, நடுவில் தண்ணீர் தேங்கி நின்றது. கரையைப் பார்த்து நடந்தது. அவள் பின்னால் நடந்தாள்.

கரையில் தங்கையன் கம்பைக் கீழே போட்டார். வலக்கையை நீட்டி வால்முளையின் இரண்டு பக்கமும் அமுக்கினார், விரல் உள்ளே போனது. இடுப்பெலும்புக்கு முன்னால் குழி இருக்கவேண்டிய இடத்தைத் தடவினார், குழி இல்லை. குனிந்து நெஞ்சுத் தொங்கலை ஏந்தி, எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தார். ஏசுவடியாள் ஈரச்சேலையோடு நின்று அந்தக் கையையே பார்த்தாள், பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் பேப்பர் கொடுக்கும் நாளில்கூட இப்படி நின்றதில்லை. அவர் நிமிர்ந்தார். வாய் வேலை செய்தது, கன்னம் இழுத்தது, ஒவ்வொரு வார்த்தையாகச் சுமை இறக்குவதுபோல இறக்கினார்.

"கொழுப்பு... கூடி... ப்போச்சு."

சொல்லிவிட்டு அவர் போத்தையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். யாரைச் சொன்னார்? போத்தையா, அவளையா? கண்ணின் ஓரத்தில் வலப்பக்கம் மட்டும் ஒரு சுருக்கம் விழுந்திருந்தது. சத்தம் போடக்கூடாது என்று அவளே வைத்திருந்த சட்டம், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பொத்திய கையைத் தாண்டிச் சிரிப்பு வந்தது, போத்து காதை மட்டும் ஆட்டியது.

மேலே ஏறும்போது அவள் முன்னால் கயிற்றோடு நடந்தாள், தங்கையன் கம்பைத் தேடவில்லை, போத்தின் புட்டத்தில் கையை ஊன்றி, அது ஒரு எட்டு வைத்தால் தானும் ஒரு எட்டு வைத்து வந்தார். முற்றத்தில் லாசர் இருந்தான், கத்திகளைச் சாக்கில் விரித்து வைத்திருந்தான், போத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். "மைனி, இதென்ன, யானையைக் கொண்டாறியோ?" என்றான் தாழ்ந்த குரலில். ஏறி வந்த தங்கையனைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். மத்தியாஸ் முன்னால் வந்து கயிற்றுக்குக் கை நீட்டினான். போத்து ஒரு எட்டு பின்வாங்கி, மூக்கை உயர்த்தி ஊதியது.

"விடு, மத்தியாசு," என்றாள் ஏசுவடியாள். "நான் பிடிக்கேன்."

"மைனி, உங்களுக்கு—"

"நான்தான் வளத்தேன்."

லாசர் அவள் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை. தலையாட்டினான். பலாமரத்தின் கீழே, தென்னை ஓலை விரித்த இடத்துக்குக் கூட்டிப்போனாள். தலைக்குப் பக்கத்தில் நின்று, கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, நெற்றிச் சுழியை விரலால் சொறிந்தாள். லாசர் பெரிய சுத்தியலோடு பின்பக்கமாகச் சுற்றி வருவது தெரிந்தது. அதை நினைக்கக்கூடாது, நினைத்தால் கை வழியாகப் போய்விடும், வேறெதையாவது நினை, எதை நினைக்க, மல்லியை நினை, மல்லி வறுக்கவேண்டும், கருகவிடாமல், நல்லமிளகு ஒரு பிடி, தேங்காயைப் பல்லுப்பல்லாகக் கீறி எண்ணெயில் சிவக்கவிட்டு, பெரிய சட்டி வேண்டும், கறிவேப்பிலை வீட்டுப் பின்வளவில் பறிக்கணும், நில்லு, நீ நில்லு, நல்ல பிள்ளை, அதன் மூச்சு அவள் வயிற்றில் சூடாகப் பட்டது, நில்லு, விறகு காய்ந்துதான் இருக்கிறது, சின்ன உள்ளி உரிக்கணும், நில்லு. கை நடுங்கவில்லை. ஒரே ஒரு சத்தம் கேட்டது. அது முழங்காலை மடக்கி அவள் பக்கமாகவே இறங்கியது, இறங்குகிற தலையை அவள் தரைவரை கூடவே போய் வைத்தாள், லாசரின் கத்தி வேலையை முடிக்கும்வரை அங்கேயே முட்டுக்குத்தி இருந்தாள்.

பிறகு ஆட்கள் வந்தார்கள், வாளி வந்தது, வாழையிலை வந்தது, யாரோ அவள் தோளைத் தட்டினார்கள். லாசர் நெஞ்சைத் திறந்து, "எம்மா, நாலு விரக்கடை! வெள்ளை வெளேர்னு! தங்கையண்ணே, இங்க வந்து பாரும்!" என்று இப்போது சத்தமாகவே கூவினான், இனிச் சத்தம் போடலாம், இனி யாரும் மிரளமாட்டார்கள். முற்றம் முழுக்க ஒரே இரைச்சல், கல்யாணவீடுபோல. ஏசுவடியாள் எழுந்து நின்றாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். கண்ணில் என்னவோ வரத்தான் செய்தது, ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று அடிவயிற்றிலிருந்து ஏறி வந்தது, லெந்து நோன்பு நாற்பது நாளும் கஞ்சியும் பயறுமாகக் கிடந்த உடம்பு, அறுத்த இறைச்சியின் அந்தப் பச்சைச் சூட்டு மணம் மூக்கில் ஏறியதும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் எழுந்துகொண்டது. அவளுக்குப் பசித்தது. அந்த நிமிஷத்தில், அந்த இடத்தில், சத்தியமாகப் பசித்தது.